துக்கம் கேட்க வந்த தெரு

சென்னையில் காலமெல்லாம் மாநகரப் பேருந்து ஓட்டியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு என்ன வேண்டியிருக்கும்? எனக்கு வேண்டியிருந்தது சத்தமில்லாத ஓர் இடம். தோட்டம் துரவு, காற்றோட்டம் என்றெல்லாம் நான் ஆசைப்படவில்லை. ஆரன் கேட்காத வாசல் ஒன்று போதும். தரகர் எந்த வீட்டைக் காட்டினாலும், பட்டா யார் பேரில், தண்ணீர் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் வாசலில் நின்று கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்பேன். திண்டிவனத்தில் பார்த்த இரண்டு வீடுகளிலும் நெடுஞ்சாலை இரைந்தது. வேண்டாம் என்றேன். தரகர் வெறுத்துப்போய், "நீங்க வீடு பாக்க வந்தீங்களா, கச்சேரி கேக்க வந்தீங்களா சார்?" என்றார்.

கடைசியில் விழுப்புரத்துக்கும் வளவனூருக்கும் நடுவே, சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் வீடு அமைந்தது. தெரு முடிகிற இடத்தில் வீடு, வீடு முடிகிற இடத்தில் கரும்பு. விற்றவர் புதுச்சேரியில் மகனோடு இருக்கப் போய்விட்டவர். கூடம், இரண்டு அறை, சமையலறை, பின்னால் துணி துவைக்கிற கல், ஒரு முருங்கை. என் மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பேச ஆளு இருக்குமா?" என்றாள். "தெரு பூரா ஆளுதானே" என்றேன். அப்போதைக்கு நியாயமான பதிலாகத்தான் பட்டது.

அவள் கேட்டதில் காரணம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து வரிசை வீடுகளில் குடியிருந்தவள் அவள். குழாயடியில் பேச்சு, மாடிப்படியில் பேச்சு, துணி காயப்போடும் கொடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு. குழம்பு அடுப்பில் கொதிக்கும்போதே ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். நான் பணி முடிந்து வந்து காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுப்பேன். அவளுக்கோ வீடு என்றால் ஆள் வந்து போகிற இடம்.

பத்திரம் பதிவாகி நாங்கள் குடிவர இருந்த நேரத்தில், புரட்டாசியில் என் அண்ணன் இறந்துபோனார். வருடம் திரும்பும் வரை வீட்டில் நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது. ஆனால் சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்வதாக ஏற்கெனவே சொல்லிவிட்டோம். ஆகவே ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில், ஐயரும் இல்லாமல் மாவிலைத் தோரணமும் இல்லாமல், நாங்கள் இருவரும் மகளும் மட்டும் பால் காய்ச்சிக் குடித்துவிட்டுச் சாமான்களைப் பிரித்தோம். அண்ணியைத் தனியே விட மனமில்லாமல் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய் வந்தோம்.

எனக்கு அந்த வீடு சொர்க்கம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், கரும்புத் தோகை உரசுகிற சத்தமும் எங்கோ ஓடும் மோட்டார் சத்தமும்தான். சில நாள் அதுவும் இருக்காது. இத்தனை காலம் கழித்து என் காது ஓய்வு பெற்றதென்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவளுக்குத்தான் ஒத்துவரவில்லை. தெருக்காரர்கள் கெட்டவர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எதிரே வந்தால் சிரிப்பார்கள், "நல்லா இருக்கீங்களா?" என்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி மாடு வைத்திருந்தார். காலையில் எங்களுக்குப் பால் அவர் வீட்டிலிருந்துதான். என் மனைவியைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பாலை வெளிக்கேட்டுக்கு மேலே கையை நீட்டித்தான் கொடுப்பார். "உள்ள வாங்களேன்" என்று இவள் அழைத்தால், "இருக்கட்டும்க்கா, வேலை கெடக்குது" என்று போய்விடுவார். மழை கொட்டுகிற நாளிலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கேட்டோடு நின்றார். இவள் அடை சுட்டுக் கொடுத்தால் பாத்திரம் மறுநாள் பளபளவென்று கழுவி, வெறுமையாக இல்லாமல் ஒரு பிடி மல்லாட்டையோடு, அந்தப் பக்கத்து வேர்க்கடலையோடு, திரும்பி வரும். அதுவும் கேட்டுக்கு மேலேதான் வரும்.

அந்தத் தெருவில் யாரும் எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. மாதக்கணக்கில் இதுதான் நிலைமை. ஒரு நாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், "இந்தத் தரையில உங்க கால் தடமும் என் கால் தடமும்தான் இருக்கு" என்றாள். ஆனி மாதத்தில் முடிவாகவே சொல்லிவிட்டாள்.

"ஆவணி பொறந்தா நான் பொண்ணு வீட்டுக்குப் போறேங்க."

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர்றதாச் சொல்லலையே. நீங்க இருங்க. உங்களுக்குத்தான் சத்தம் ஆகாதே."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் இல்லாமல் அந்த வீட்டில் இருக்கவும் முடியாது, ஆசைப்பட்டு வாங்கிய வீட்டை விற்கவும் மனம் வராது. இருந்தாலும் அவளுக்குத் தெரியாமல் தரகருக்குப் போன் செய்து, விற்றால் போகுமா என்று கேட்டு வைத்தேன். அவர், "ஏன் சார், அங்க குயில் கத்துதா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஆடி பிறந்து முக்கால்வாசி போய்விட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்மணி பால் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் உடனே போகாமல் கேட்டருகே தயங்கி நின்றார்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம அம்மனுக்குக் கூழு ஊத்துறோம். ஊட்டுக்கு ஒரு படி கேப்பை மாவு. உங்களுக்கு இஷ்டம் இருந்தா குடுங்க."

என் மனைவியின் முகம் மலர்ந்து அப்படியே வாடியது. "குடுக்க ஆசைதாம்மா. ஆனா இந்த வருசம் கூடாது. இவங்க அண்ணன் தவறிட்டாரு. புரட்டாசி வந்தாத்தான் வருசம் திரும்புது."

அந்தப் பெண்மணி வாயில் கையை வைத்துக்கொண்டார். "இன்னாக்கா சொல்றீங்க? அப்ப நீங்க பாலு காச்சினப்பவே துக்கந்தானா?"

"ஆமாம்மா. அதனாலதான் யாருக்கும் சொல்லல."

"அய்யய்யோ! நாங்க இன்னான்னாவோ நெனச்சிக்கினு இருந்தமே! பட்டணத்துக்காரங்க, நம்மள ஊட்டுக்குள்ள ஏத்த இஷ்டமில்ல, அதான் பாலு காச்சினதுக்கு ஒரு வார்த்த சொல்லலன்னு தெருவே பேசிக்கினு கெடந்துது. தீவாளிக்கும் பூட்டிக்கினு போயிட்டீங்க, பொங்கலுக்கும் பூட்டிக்கினு போயிட்டீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாழ்வாரத்தில் இருந்தபடியே, "இத்தனை மாசமா மனசுல வெச்சிக்கிட்டு இருந்தீங்களே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணா?" என்றார் அவர்.

துக்கம் இருக்கும் வீட்டார் யாரையும் விசேஷத்துக்கு அழைக்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் துக்கம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. அது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அந்தப் பெண்மணி என் அண்ணனுக்கு என்ன வயது, என்ன ஆயிற்று என்றெல்லாம் கேட்டுவிட்டுப் போனார். கேட்டுக்கு வெளியே நின்றுதான் கேட்டார். "இப்பவும் உள்ள வரல, பாத்தீங்களா?" என்றாள் இவள்.

மறுநாள் சாயங்காலம் கேட்டின் கொண்டி திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தெருவே வந்துகொண்டிருந்தது. முன்னால் பெண்கள், பின்னால் தோளில் துண்டு போட்ட ஆண்கள். நல்ல காரியமென்றால் அழைத்தால்தான் படியேறுவார்கள். சாவுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. செய்தி தெரிந்தால் போய்த்தான் ஆக வேண்டும், எத்தனை மாதம் கழித்துத் தெரிந்தாலும் சரி. செவ்வாய்க்கிழமை துக்கம் கேட்கக் கூடாதென்று ஒரு நாள் பொறுத்திருக்கிறார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன. நாற்காலியைக் காட்டினால் யாரும் உட்காரவில்லை. எல்லாரும் கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். பெண்கள் என் மனைவியைச் சுற்றி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணன் இன்னா வேல செஞ்சாருங்க?" என்று டிராக்டர் ஓட்டுகிறவர் ஒருவர் கேட்டார். லாரி ஓட்டினார் என்றேன். என்ன வண்டி, எந்தப் பக்கம் லோடு என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். என்னை முதன்முதலில் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தது அண்ணன்தான். கிளட்சை விடத் தெரியாமல் நான் வண்டியைக் குலுக்கியபோது அவர் அடித்த அடியைச் சொன்னேன். சொல்லும்போதே அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். அவர் இறந்த நாளில் ஓடியாடி வேலை பார்த்தேனே தவிர அழவில்லை. பாதி கூடம் என்னோடு சேர்ந்து கண்ணைத் துடைத்தது. அவர்களில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை.

காபி போட எழுந்தவளைத் தடுத்து உட்கார வைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். என் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"ஒருத்தரும் போயிட்டு வர்றேன்னு சொல்லலையேங்க."

"துக்கம் கேட்டுட்டுப் போறவங்க அப்படிச் சொல்லக் கூடாதே."

"தெரியுது. இருந்தாலும், வந்தது சாவுக்குத்தானே. சாவுக்கு எதிராளிகூட வருவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆவணிக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நான் பின்னால் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சமையலறையில் இரண்டு குரல்கள் கேட்டன. பக்கத்து வீட்டுப் பெண்மணி பால் செம்போடு கேட்டைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, யாரையும் கேட்காமல் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

"டீ போடுக்கா. நேத்து நாக்கு வறண்டு போச்சு. துக்க ஊட்ல கேக்கக் கூடாதேன்னு வாய மூடிக்கினு இருந்தேன். இன்னாக்கா, அரிசி மூட்டைய இப்படி ஜன்னலாண்ட வெச்சிருக்கிற? சாரல் அடிச்சா இன்னா ஆவுறது?"

இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டதாகத் தெரியவில்லை. பாரிமுனையில்கூட நான் அப்படியொரு இரைச்சலைக் கேட்டதில்லை. முருங்கைக்குப் போதுமான தண்ணீர் ஊற்றிய பிறகும் நான் குடத்தோடு அங்கேயே நின்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டீ குடித்து முடித்துச் செம்பை எடுத்துக்கொண்டவர் நிலைப்படியில் நின்று திரும்பினார்.

"நேத்து சொல்லிக்கினு போவக் கூடாது, அதான் சொல்லல. இப்ப சொல்றேங்க்கா. போயிட்டு வர்றேன்."

"போயிட்டு வாம்மா" என்றாள் என் மனைவி. இன்னொரு தடவை சொன்னாள்.

அவர் கேட்டைத் தாண்டிய பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன்.

"ஆவணிக்கு என்னால வர முடியாதும்மா" என்றாள் மகளிடம். "நீங்க வாங்க. இங்க எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு."