பென்சிலால் எழுதிய ரத்த அழுத்தம்

கிராமத்தில் மருத்துவம் பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்கென்று எங்கள் கல்லூரியில் தனியாக ஒரு பயிற்சி இருந்தது. கல்லூரியின் பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே நான் இன்னும் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார் துறைத் தலைவர். பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. அதில் ஒன்பது பேர் ரேடியாலஜி கனவில் இருந்தவர்கள். கிராமச் சான்றிதழ் ஒன்று இருந்தால் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் பக்கத்தில் இருந்தவன் தூக்கியதால் தூக்கினார்கள். மிச்சம் ஒருத்தி நான். எனக்கு நிஜமாகவே ஆசை இருந்தது. இப்போது யோசித்தால் அந்தப் பதினோரு பேரைவிட என் மேல்தான் எரிச்சல் அதிகமாக வருகிறது.

முதல் மாதம் குளிரூட்டிய அறையில் வகுப்பு. கிராமத்தை அணுகுவது எப்படி என்று திரையில் படம் காட்டினார்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர் மாட்டுவண்டியில் வந்தார். கடலூர்ப் பக்கம் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. கிராமத்து மக்களிடம் சின்னச் சின்ன வாக்கியமாக, நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். என் அம்மா பண்ருட்டிக்காரி. வீட்டுக்குப் போய் அவளிடம் அப்படிப் பேசிப் பார்த்தேன். உடம்பு ஏதாவது சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டாம் மாதத்திலிருந்து செவ்வாய்தோறும் கடலூரை ஒட்டிய ஒரு கடற்கரைக் கிராமத்தின் சுகாதார நிலையத்துக்குப் போனோம். செவ்வாய் கர்ப்பிணிகளுக்கான நாள். கல்லூரிப் பேருந்து என்னைச் சிதம்பரத்தில் ஏற்றிக்கொள்ளும். குடிகாடு நெருங்கும்போது தொழிற்பேட்டை வாடை தாங்காமல் எல்லோரும் ஜன்னலை இழுத்துச் சாத்துவோம். அந்த வாடையில் குடியிருக்கிற ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆர்வலர்கள் நாங்கள். போய் இறங்கியதும் வாசலில் வரிசையாக நின்று இடம், நேரம் பதியும்படி ஒரு படம் எடுத்துத் துறைக்கு அனுப்ப வேண்டும். படம் சரியாக வந்துவிட்டால் அன்றைய பயிற்சியில் பாதி முடிந்த மாதிரி.

மீதிப் பாதி ரத்த அழுத்தம் பார்ப்பது. நாற்பது பெண்கள் வரிசையில் இருப்பார்கள். ஒரு மணிக்குப் பேருந்து கிளம்பிவிடும். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, கேட்டும் கேட்காமலும் அவரவர் அட்டையில் எழுதுவோம். பெரும்பாலும் நூற்றுப் பத்துக்கு எழுபது. சலித்துப்போனால் நூற்று இருபதுக்கு எண்பது. எங்கள் கணக்குப்படி அந்தக் கடற்கரையில் கர்ப்பிணிகள் அத்தனை பேருக்கும் ஒரே ரத்தம்தான் ஓடியது. அங்கிருந்த கிராமச் செவிலியர், நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், ஐம்பதை நெருங்கியவர், எங்களுக்கு எழுதப் பென்சில்தான் கொடுப்பார். பேனா தீர்ந்துபோச்சு என்பார். அரசாங்கத்துக்குப் பேனா வாங்கக்கூட வக்கில்லை என்று நாங்கள் சிரிப்போம்.

மூன்றாவது செவ்வாய், பேருந்தில் ஏறிய பிறகுதான் ஸ்டெதஸ்கோப்பை உள்ளே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. எடுக்கப் போனேன். நாங்கள் பார்த்து முடித்த பெண்கள் ஒருவர்கூட வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அதே வரிசையில் மறுபடி உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் நிதானமாகப் பட்டையைச் சுற்றி, காது கொடுத்துக் கேட்டு, நாங்கள் எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டுப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இது எங்களை அவமானப்படுத்துவது இல்லையா என்று கேட்டேன். அவர் பட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க பழகணும், அதுக்கு ஒரு வாட்டி. இவுங்க பொழைக்கணும், அதுக்கு ஒரு வாட்டி. ரெண்டும் ஒண்ணா நடக்கலியேம்மா, நான் இன்னா பண்றது?"

பேருந்தில் வந்து எல்லோரிடமும் சொன்னேன். வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவன் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தான். எப்படியும் அந்தம்மா பார்க்கப்போகிறது, நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்றான். மறு வாரத்திலிருந்து எல்லோருக்கும் வேலை சுலபமாகிவிட்டது. நான் மட்டும் இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்தேன். பிறகு நானும் அவர்களில் ஒருத்தியானேன். நிஜமான ஆசை இருந்தவளுக்கு இரண்டு வாரம் தாங்கியது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாயன்று போனபோது சிஸ்டர் இல்லை. மாணவர்களுக்குக் கிராமச் சேவையில் பயிற்சி அளிப்பது எப்படி என்று அவருக்குப் பயிற்சி அளிக்கக் கடலூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் பேனா கிடந்தது. அதை எடுத்து எழுதத் தொடங்கினோம். ஏன் பேனா இருக்கிறது, ஏன் அவர் இல்லை என்று பன்னிரண்டு தலைகளில் ஒன்றுகூட யோசிக்கவில்லை.

என் முன்னால் வந்தவள் மீனவக் குப்பத்துப் பெண். இரண்டாவது பிள்ளை, எட்டாம் மாதம். காலையிலிருந்து தலை வலிக்கிறது என்றாள். மீன் ஏலத்தில் வெயிலில் நின்றிருப்பீர்கள் என்றேன். ஏலத்துக்குப் போய்ப் பத்து நாளாகிறது என்றாள். நான் அதற்குள் நூற்றுப் பத்துக்கு எழுபது எழுதிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டிருந்தேன்.

திரும்பும்போது குடிகாட்டில் வழக்கம்போல ஜன்னலைச் சாத்தினோம். அப்போதுதான், இன்றைக்கு யார் மறுபடி பார்ப்பார்கள் என்று எனக்கு உறைத்தது. கேட்டேன். "ஒரு நாள்தானே, விடு," என்றாள் பக்கத்தில் இருந்தவள். ஓட்டுநரிடம் சொல்லி இறங்கி, டவுன் பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்ப ஓடினேன். சுகாதார நிலையத்தில் பட்டையை வாங்கிக்கொண்டு, குப்பத்தில் விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தபோது வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்திருந்தாள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. இரண்டு முறை பார்த்தேன், மாறவில்லை. எட்டாம் மாதத்தில் இந்த அளவு இருந்தால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் சேர்ந்தே போகலாம் என்று தேர்வில் எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான்.

நூற்றெட்டு வண்டி வந்தது. கடலூர் போகும் வழியிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ. இருவரும் பிழைத்தார்கள். அவள் கணவன் வராந்தாவில் எல்லோர் எதிரிலும் என்னைக் கும்பிட்டு, வீடு தேடி வந்த தெய்வம் என்றான். காலையில் அட்டையில் எழுதியது யார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய்வரை வந்தது என்றும் பொய் சொல்லமாட்டேன். செய்தி கல்லூரிக்குப் போய், துறைத் தலைவர் எனக்குச் சால்வை போர்த்தினார். கிராமப்புற ஆர்வத்துக்கு நானே உதாரணம் என்றார். சால்வையோடு படத்துக்கு நின்று சிரித்தேன்.

ஏழெட்டு வாரம் கழித்து அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளச் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். வரிசையில் அவள் முறை என்னிடம் வந்தது. எழுந்து நின்று வரவேற்றேன். பட்டையை எடுத்தேன். அவள் கையை நீட்டவில்லை. பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க கொழாய காதுலயே மாட்டலம்மா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். சிஸ்டர் வரட்டும்."

சிஸ்டர் உள்ளே கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். வர முக்கால் மணி நேரம் ஆனது. அவள் என் எதிரிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள்.