திரும்பிய ஊசி

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தேன். கல்முனைக்குடியில் ரேடியோ திருத்துகிற ஒருவர் இருந்தார். அண்ணன் முறையில் அவரைக் 'காக்கா' என்று கூப்பிடுவோம். மெலிந்த உடம்பு, ஈயம் சுட்ட விரல்கள். எதைச் சோதித்தாலும் முனைகளை மாற்றிப் பிடித்து மறுபடியும் பார்ப்பார்.

ஒருநாள் என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். சவர பிளேட் ஒன்றில் நீளவாக்கில் மின்சாரம் ஓடியது. இரு ஓரங்களிலும் ஒட்டிய கம்பிகள் மீட்டருக்குப் போயின. காந்தத்தைக் கிட்டக் கொண்டுவந்ததும் ஊசி சாய்ந்தது.

"ரெண்டு ஓரமும் ஒண்டுதானே சேர்? காந்தம் வந்தா கரண்ட் ஏன் ஒரு பக்கம் ஒதுங்குது? செம்புத் தகட்டுல ஊசி அசையுதில்ல."

"கம்பியக் கோணலா ஒட்டியிருக்கீங்க காக்கா."

"கோணலெண்டா, காந்தத்தத் திருப்பக்குள்ள ஊசியும் ஏன் மற்றப் பக்கம் திரும்புது?"

அவர் சொன்னது சரியென்று அப்போதே விளங்கியது. காரணம் எனக்குத் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு லேப் ரூமத் திறந்து தாங்க சேர். நல்ல மீட்டர்ல ஒருக்காப் பார்ப்பம்."

"நீங்க ரேடியோவத் திருத்துங்க. பௌதிகத்த எங்களுக்கு விடுங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி கம்பிகளைக் கழற்றினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்தில் நான் தனியாக அதையே செய்தேன். ஊசி திரும்பியது. பிறகு கொழும்பில் ஒரு நூலில் படித்தேன்: இரும்பு காந்தமானால் இரு பக்கங்களின் சமநிலை குலைகிறது, இலத்திரன்கள் ஒரு பக்கமாக விலகுகின்றன. நூறாண்டுக்கு முன்பே கண்ட விஷயம். அவர் யாரும் சொல்லாமல் கண்டிருந்தார்.

அடுத்த வருடம் என் ரேடியோவைத் திருத்தித் தரும்போது அவரே சொன்னார்: "அண்டைக்கு நீங்க சொன்னதுதான் சரி சேர். என்ட கைப்பிழைதான் அது."

நான் "ஓம்" என்று தலையாட்டினேன்.