முந்தானையில் முடிந்த வண்டிச் சாவி

சின்ன அடிதான் என்றார் டாக்டர். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, உள்ளே ரத்தக்கசிவு இல்லை, ஹெல்மெட் காப்பாற்றிவிட்டது என்றார். அப்படிச் சொன்னவரை அந்த வாரம் ஒரே ஒரு நாள் என் தலைக்குள் குடிவைத்துப் பார்த்திருக்க வேண்டும். குக்கர் விசில் அடித்தால் கண்ணில் நீர் வந்தது. ஜன்னல் திரையை விலக்கினால் குமட்டியது. திரும்பிப் படுத்தால் கூரையும் என்னோடு சேர்ந்து திரும்பியது.

நான் வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். சர்க்கரை, தைராய்டு என்று வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களிடம் விடிந்ததும் போய்ச் சேர வேண்டும். அதற்கு பஸ்ஸை நம்ப முடியாது. என் கணவர் மெட்ரோவில் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் சும்மா நின்ற அவருடைய பைக்கை நான் எடுத்துக்கொண்டேன். கியர் வண்டி. காக்ஸ் டவுனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில், "பாரேன், பொம்பளை கியர் போட்டுக்கிட்டுப் போறா" என்று சிரித்தவர்களே பிறகு, "அப்படியே நம்ம வீட்டுக்கும் வந்து ரத்தம் எடுத்துட்டுப் போம்மா" என்றார்கள்.

அன்று மல்லேஸ்வரத்தில் முந்தின இரவு பெய்த மழை தெருவில் இன்னும் காயவில்லை. ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் கதவு திடீரென்று திறந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கதவு மட்டும்தான். "நோட்லில்லா மேடம், நோட்லில்லா" என்று, கன்னடத்தில் பார்க்கவே இல்லை என்று, கார்க்காரர் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாராம். அதன் பிறகு எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி விளக்கும் என் கணவரின் முகமும். நடுவில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். இன்று ஒரு நாள் இவரை அவ்வப்போது எழுப்பி, பெயர் என்ன, என்ன கிழமை, பக்கத்தில் இருப்பது யார் என்று கேளுங்கள், பதில் குழறினால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். அந்த வேலையை என் மாமியார் ஏற்றுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வேலையைக் கையில் எடுத்தால் லேசில் கீழே வைக்கமாட்டார்.

"நான் யாரு?"

"என் அத்தை."

கண்ணயர்ந்தால் மறுபடியும் உலுக்குவார். "ஏய், நான் யாரு?"

"என் உயிரை வாங்க வந்தவங்க."

"பேஜாரு பண்ணாம ஒழுங்கா சொல்லுடி."

டாக்டர் சொன்னது ஒரு நாள். இவரோ நிறுத்தவே இல்லை. காபி கொடுக்கும்போது கேட்டார். குளித்துவிட்டு வந்தால் கேட்டார். நான் எழுந்து உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்த பிறகும், போகிற போக்கில், "நான் யாரு?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடிபட்டது என் தலை, கழன்றது இவருக்கா என்று கணவரிடம் கத்தினேன். அவர், "கேட்டுட்டுப் போகட்டும் விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விரிசல் விட்ட ஹெல்மெட்டைக் குப்பையில் போடப் போனேன். அதைப் பிடுங்கிக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ரிப்பேர் முடிந்து வந்த வண்டியின் சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சாவியைக் குடுங்க அத்தை."

"வேண்டுதல் இருக்கு. முதல்ல அது முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

வேண்டுதல் என்ன தெரியுமா? தலைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால், ஆடியில் எங்கள் தெரு மாரியம்மனுக்கு நான் தலையில் பால்குடம் எடுப்பேனாம். அடிபட்ட தலைக்குப் பரிகாரம், அதே தலையில் குடம்! இந்த ஞானம் வேறு எந்த ஊர் மாமியாருக்கு வரும்? என் தலையை என்னிடம் கேட்காமலே அடகு வைத்துவிட்டார். நான் நிமிர்ந்து நடந்தாலே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் வேலை செய்யும் லேபிலிருந்து அழைத்தார்கள். நீங்கள் போகிற வீடுகளுக்கு வேறொரு பெண்ணை அனுப்பிக்கொண்டிருக்கிறோம், வேண்டுமானால் பில் போடும் கவுண்டரில் உட்காருங்கள் என்றார்கள். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாலே தலைக்குள் இடிக்கிறது, நான் எங்கே உட்கார்வது? ஆடி முடிந்ததும் வண்டியோடு வருகிறேன், என் வீடுகளை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வண்டி இல்லை என்றால் அந்த வேலை இல்லை. அந்த வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற என்னை எனக்கே பிடிக்காது.

சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். டாக்டர் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார். விரலை முகத்துக்கு நேரே நீட்டி, பார்வையை அதிலேயே வைத்துக்கொண்டு தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் முட்டி முட்டி நேர்கோட்டில் நடக்க வேண்டும். மொட்டை மாடியில், துணி காயும் கொடிக்கு அடியில் நடந்தேன். முதலில் குடிகாரன் நடைதான். எதிர்வீட்டுக்காரர், "என்னா சிஸ்டர், காலையிலேயேவா?" என்றார். உங்களுக்கு ஊற்றி மிச்சம் இருந்ததுதான் என்றேன். வாந்தி வந்த நாளும் உண்டு. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் நடந்தேன். கோடு மெல்ல மெல்ல நேரானது. பிறகு ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டேன். எத்தனையோ முறை நனைந்தேன். நனையாத நாளில் டாக்டரிடம் போய் நடந்து காட்டினேன். பால்குடம் சின்னச் செம்பு என்றால் எடுக்கலாம், வண்டியும் மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாகக் கிளம்பினேன். பம்பை மேளச் சத்தம் நெற்றிப்பொட்டில் அடித்தது. தெருமுனை திரும்பும்போது தரை ஒரு முறை நழுவியது. முன்னால் போன அம்மன் ஊர்வலத்தின் சிங்க வாகனத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். விரலுக்குப் பதில் சிங்கம், அவ்வளவுதான். ஒரு சொட்டுச் சிந்தாமல் கோயிலில் போய் இறக்கினேன்.

இனி சாவி என் கையில் என்று திரும்பினால், மாமியார் சந்நிதியில் கைகூப்பி நிற்கிறார். "தாயே, பால்குடம் எடுத்துட்டா. சொன்னபடி இனிமே வண்டியைத் தொடமாட்டா."

"யாரு தொடமாட்டா?" என்றேன். கோயில் என்றும் பார்க்கவில்லை. "என்னைக் கேட்காம என் கைக்கும் காலுக்கும் வாக்குக் கொடுக்க நீங்க யாரு?"

அவர் சட்டென்று திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "இதைத்தான் அன்னைக்கும் கேட்டே."

"எதை?"

"நீங்க யாருன்னு. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ உன் கையைப் புடிச்சுக்கிட்டு நான்தான் நின்னேன். என்னைப் பாத்து, நீங்க யாருன்னு கேட்டே. உன் அத்தைடின்னு சொன்னேன். மறுபடியும் கேட்டே. சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்தே. இத்தனை வருஷம் ஒரே அடுப்புல பொங்கித் தின்னுருக்கோம், யாரோ ரோட்டுல போறவளைப் பாக்குற மாதிரி பாத்தே. வாயில வந்ததை எல்லாம் வேண்டிக்கிட்டேன். வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம், இவ என்னை அத்தைன்னு கூப்பிட்டா போதும்னு."

பின்னால் நின்ற கணவர் தரையைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் வருத்தப்படுவேன் என்று இருவரும் மறைத்திருக்கிறார்கள்.

கோபம் வடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். கோபமும் இருந்தது, அழுகையும் வந்தது. எனக்கு இல்லாமலே போன அந்த நேரத்தை இவர் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, நான் வண்டி ஓட்டத்தான் போறேன்."

"அம்மன்கிட்ட சொன்ன வாக்கு?"

"அவங்க மட்டும் நடந்தா வந்தாங்க? சிங்கத்து மேல ஏறித்தானே வந்தாங்க. ஏறி ஓட்டுறவளுக்கு ஏறி ஓட்டுறவ கஷ்டம் புரியும்."

தலையில் அடித்துக்கொண்டார். "அடி விழுந்தும் இந்த வாய் குறையலையேடி!" என்று அழுகையோடு சிரித்தார். ஆனால் சாவியைத் தரவில்லை. அன்று நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை புது ஹெல்மெட்டோடு வெளியே வந்தேன். வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. பக்கத்தில் அவர் நின்றிருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை என் உள்ளங்கையில் அழுத்தினார். ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டு, கழுத்தோடு இழுத்துப் பார்த்தார்.

"நான் யாரு?" என்றார்.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். "என் அத்தை."

"சாயங்காலம் வந்தும் இதையே சொல்லணும்" என்றார்.