கேளாமல் விட்ட கை

மரக் கிளிப் காது மடலைக் கவ்வினால் முதலில் குளிரும்... பிறகுதான் எரியும்.

எண்பதுகளின் கடைசி. நாடு விட்டு வந்து சேர்ந்த ஷ்லீரன் நகரில் ஓர் அறையும் குசினியுமாக எங்கள் வீடு. ஞாயிறு என்றால் முந்நூற்றிநாலு சீட்டாட்டம். தோற்ற சோடி காதில் குணுக்கு என்ற தொங்கட்டானைப் போடவேண்டும் என்பது ஊர் வழக்கம். இங்கே குணுக்குக்கு எங்கே போவது? உடுப்புக் காயப்போடும் கிளிப்தான்.

என் கணவருக்குச் சோடியாக ஆடிய நண்பர் துன் நகர்ப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கதிரையில் நான் இருந்தேன். கணிதத்தில் பட்டம் வாங்கியவள்... இங்கே வந்த நாளிலிருந்து கைப்பிள்ளையின் பால், நாப்கின், காய்ச்சல் என்று பயந்துகொண்டே கிடந்தவள். கிழமையில் அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் நானாக இருந்தேன்.

ஆனால் தோற்றேன். ஞாயிறுக்கு ஞாயிறு தோற்றேன்.

எதிர்ச் சோடியில் ராசன் அண்ணையும் இன்னொரு நண்பரும். அண்ணைதான் எங்களில் மூத்தவர். பகல் முழுக்க பக்டரியில் நின்று வந்தாலும் வாய் ஓயாது.

“தங்கச்சி, தோட்டை விட உமக்கு இந்தக் கிளிப்தான் வடிவு!”

ஒருநாள் சிரிக்காமலே சொன்னார். அகதி முகாமிலிருந்து புதிதாக வந்த சிவாவும் பக்கத்தில் இருந்தான்.

“சிவா நல்லா விளையாடுவான். நத்தார் வரைக்கும் பாப்பம். பிறகும் குணுக்கெண்டா கதிரையை அவனுக்குக் குடும். நீர் பிள்ளையைப் பாரும், என்ன?”

“ஓம் அண்ணை” என்றேன். உள்ளே கொதித்தது.

அந்த நாட்களில் மகளுக்கு நிறை ஏறவில்லை. நிறை பார்க்கும் நர்ஸ், பிள்ளை குடித்ததை மட்டுமல்ல, குடிக்காமல் விட்டதையும் எழுதச் சொல்லியிருந்தார். எழுதியபோதுதான் பிடிபட்டது, அவள் தள்ளுவது மாலைப் பாலை மட்டும்.

அப்படியே காட்ஸையும் எழுதினால் என்ன?

கிழித்த கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். என்ன கை வந்தது, கேட்டேனா விட்டேனா, என்ன நடந்தது...

“இஞ்சரும், சோதினைக்குப் படிக்கிறீரோ?” என்று இவர் நக்கலடித்தார்.

“ஓம். நீங்களும் படிச்சா நல்லது.”

இந்த ஆட்டத்தில், இவ்வளவு புள்ளி எடுப்பேன் என்று கூடக் கேட்பவர்தான் துரும்பு வைப்பார். நான் அவசரப்பட்டுக் கேட்டுத்தான் தோற்கிறேன் என்று நினைத்திருந்தேன். தாள்கள் வேறு கதை சொல்லின. துணிந்து கேட்ட கைகளில் பெரும்பாலும் வென்றிருந்தேன். ஒரே சாதிச் சீட்டில் ஜாக்கும் ஒன்பதும், அதாவது ஆகப் பெரிய இரண்டு சீட்டும், வந்தும் பயத்தில் கேளாமல் விட்ட கைகள்... அங்கேதான் அடி.

அன்றே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கேட்பது. நெஞ்சு என்ன சொன்னாலும் கேட்பது.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு. இரண்டு பக்கமும் சமம், கடைசி ஆட்டம். முதல் நாலு சீட்டை எடுத்தேன். இஸ்பேட் ஜாக். இஸ்பேட் ஒன்பது.

“நூற்றறுபது” என்றார் அண்ணை.

“நூற்றெழுபது.”

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“யோசிச்சுத்தான் கேக்கிறீரோ தங்கச்சி?”

“கூடக் கேக்கிறதெண்டா கேளுங்கோ அண்ணை.”

அவர் கேட்கவில்லை. கடைசிப் பிடியில்தான் நான் கேட்ட புள்ளி எட்டியது. அண்ணை கிளிப்பைத் தன் காதில் தானே மாட்டிக்கொண்டார். பிறகு திரும்பி,

“சிவா... நீ போய்த் தேத்தண்ணி போடு ராசா.”

கதிரை எனக்கே நின்றது. பிறகும் தோற்றிருக்கிறேன், நிறையத் தோற்றிருக்கிறேன். பயந்து தோற்றது குறைந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஃபோனிலும் ஆடுகிறேன். வென்றது எத்தனை வீதம் என்று அதுவே சொல்கிறது. நக்கலடிக்கத்தான் ஆளில்லை. அண்ணை கனடாவில் மகளோடு. சிவாவுக்கு ஞாயிறும் கடை. அன்று ஒரு கதிரைக்காக எவ்வளவு பாடு... இன்று மேசையில் நானும் இவரும் மட்டும். இரண்டு கதிரை சும்மா கிடக்கின்றன.

ஷ்லீரன் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிறு வாருங்கள். தேத்தண்ணி நான் போடுவேன். ஆனால் ஆட்டத்தில் விட்டுத்தர மாட்டேன்.