ஏழாம் நம்பர் மணி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செத்துப்போன மனிதருக்குச் சீனி போடாமல் ஒரு டீ கொடுத்தால் பேசாமல் போய்விடுவார் என்று ஐம்பத்திரண்டு வயதில், பட்டப்பகலில், நான் நம்பினேன். அதற்கு முன்பெல்லாம் யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "நம்ம கடைக்கு வரச்சொல்லுப்பா, ஆளே இல்லாமக் கிடக்கு" என்று கேலி பண்ணியவன். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டு.

தேனியில் எட்டுக் கடை கொண்ட ஒரு சந்தின் முனையில் டீக்கடை வைத்திருந்தேன். கடைக்குக் கடை ஒரு சுவிட்ச், என் அடுப்புக்கு மேலே ஒரு பலகை, அதில் எட்டு பல்பும் ஒரு மணியும். எந்த பல்பு எரிகிறதோ அந்தக் கடைக்கு டீ. குட்டையாக ஒருதரம் அடித்தால் ஒரு டீ. நீட்டி அடித்தால் சீனி இல்லாத டீ. மணி அடித்த கடைக்கு டீ போகாமல் இருந்ததே கிடையாது, அது எங்கள் சந்தின் சத்தியம். ஏழாம் நம்பர் பூட்டுக்கடை செல்லையா அண்ணன். சர்க்கரை வியாதிக்காரர். வேலை பார்க்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து அடிப்பார்: ரெண்டு குட்டை, ஒரு நீட்டு.

பிறகு புது வணிக வளாகம் வரப்போகிறது என்றார்கள். ஆறே மாதம் என்றார்கள். என் கடையோடு எட்டுக் கடையையும் இடித்துப் பள்ளம் தோண்டி, சுற்றிலும் பச்சைத் துணி கட்டினார்கள். எங்களுக்குப் பின்பக்கம் தகரக் கொட்டகை. பச்சைத் துணிக்குப் பின்னால் கடை இருப்பது எவனுக்குத் தெரியும்? பஸ் வேறு பக்கம் திரும்பிவிட்டது. வேலையும் பாதியில் நின்றுபோனது. வளாகம் கட்டுகிற ஆபீசில் கேட்டால் திங்கட்கிழமை வா என்பார்கள், திங்கட்கிழமை போனால் சார் லீவு. கொட்டகையைத் தொடர்ந்து பதினைந்து நாள் பூட்டிப்போட்டால் புது வளாகத்தில் கடை கிடையாது என்று மட்டும் தெளிவாகச் சொன்னார்கள். ஒவ்வொருவராகப் பூட்டிக்கொண்டு போனார்கள். செல்லையா அண்ணன் போகவில்லை, இடித்த நாலாவது மாதம் செத்தேபோனார்.

மிஞ்சியது நான் ஒருத்தன். இரண்டு வருஷம் தகரத்துக்கடியில் வெந்தபிறகு, "எனக்குக் கடை வேண்டாம்" என்று கடிதம் எழுதினேன். கையெழுத்துதான் பாக்கி. அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி பாண்டியம்மா பக்கத்தில் நிற்கிறாள், நான் பேனாவைத் திறக்கிறேன், தலைக்கு மேலே மணி அடிக்கிறது.

ரெண்டு குட்டை. ஒரு நீட்டு. ஏழாவது பல்பு எரிந்து அணைந்தது.

பழைய ஞாபகத்துக்காகத்தான் அந்தப் பலகையை ஆணியில் மாட்டியிருந்தேன். சுவிட்சுகளுக்குப் போன ஒயரெல்லாம் அறுந்தது அறுந்தபடி. பிளக் சுவரோரம் தொங்குகிறது, அதில் என் துண்டைக் காயப்போட்டிருந்தேன்.

அடுத்து நான் செய்த வீரச்செயல்களைச் சொல்கிறேன். பெஞ்சுக்கடியில் புகுந்தேன். கையில் கிடைத்த டப்பாவைத் திறந்து நெற்றி நிறைய விபூதி பூசினேன்.

"அது ஆப்பசோடா," என்றாள் பாண்டியம்மா.

"ஒனக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு. ஏழாம் நம்பரு. மூணு டீ."

"அடியேய், செல்லையாண்ணன் செத்து ஒன்றரை வருசமாச்சு."

"அதுக்கு? மணி அடிச்சா டீ போகணும்னு ஊரெல்லாம் பீத்துனீகள்ல. எந்திரிங்க."

நெற்றியில் சோடாவோடு மூன்று டீ போட்டேன். பலகையையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாலில் பாதி அடுப்புக்கு. ரெண்டில் சீனி, ஒன்றில் இல்லை. பச்சைத் துணியை விலக்கி உள்ளே போய், பழைய சாக்கடை மூடியிலிருந்து அடி எண்ணி, ஏழாம் நம்பர் இருந்த இடத்துப் பள்ளத்தின் ஓரத்தில் தம்ளர்களை வைத்தேன்.

"அண்ணே, குடிச்சிட்டுப் போயிருங்க," என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "ஒங்க கடைய இடிச்சது நானில்ல. ஆபீஸ் அங்கன இருக்கு, நேராப் போய் இடதுபக்கம்."

பள்ளத்துக்குள்ளிருந்து மூன்று தலைகள் மேலே வந்தன.

நான் அலறியது கம்பம் வரைக்கும் கேட்டிருக்கும். மூன்றும் மனுஷத் தலைகள்தான். நின்றுபோன வேலை அன்று காலையில்தான் மறுபடி தொடங்கியிருக்கிறது. இரண்டு பேர் வடக்கத்திப் பையன்கள், மூன்றாவது ஆள் குமுளிப் பக்கத்து மலையாளி மேஸ்திரி. காலையிலிருந்து ஒரு வாய் டீ கிடைக்காமல் கிடந்திருக்கிறார்கள். துணிக்குப் பின்னால் கடை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

"யாரு சேட்டா டீ கொண்டுவரச் சொன்னது?" என்றார் மேஸ்திரி என் நெற்றியையே பார்த்துக்கொண்டு.

"பூட்டுக்கடைக்காரர்," என்றேன். வேறு என்ன சொல்ல.

மறுநாளிலிருந்து அந்தப் பள்ளத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் டீ நம்முடையதுதான். கையெழுத்துப் போடாத அந்தக் கடிதத்தில் பாண்டியம்மா வடை மடித்துக் கொடுத்துவிட்டாள். புது வளாகம் இன்னும் தரைக்கு மேலே வரவில்லை, சார் இன்னும் லீவு, நான் இன்னும் கொட்டகையில் இருக்கிறேன். பலகையைக் கழற்ற ஆள் கூப்பிட்டேன். அவன் ஒயரைப் பார்த்துவிட்டு, கடையை இடித்தபிறகு இது ஒருதரம்கூட அடித்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதுகூடப் போகட்டும். அன்றைக்குப் பையன்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தம்ளரை எடுத்துக் குடித்துவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஷுகர் உண்டு சேட்டா எனக்கு. பஞ்சார போடாம ஒண்ணு கிட்டுமோ?"

அவர் கையில் இருந்தது சீனி போடாத தம்ளர்.