பேசும் தளத்தில் உஷ் அக்கா

நாற்காலியை அவர் இழுக்கமாட்டார். முதுகுப் பலகையில் ஒரு கை, இருக்கைக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கி, தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் விடுவதுபோல இறக்குவார். இறக்கிய பிறகும் ஒரு கணம் நின்று காது கொடுப்பார். சத்தம் இல்லை என்று உறுதியானால்தான் அடுத்த நாற்காலிக்குப் போவார். பல்கலைக்கழக நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்குக் காலையில் முதல் ஆளாகப் போய்ச் சேரும் எனக்குப் பல வருடங்களாக இதுதான் அன்றைய முதல் காட்சி.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. சாம்பல் நிறச் சீருடைக் கோட்டில் குத்திய அட்டையில்கூட இருக்கிறது. புத்தகம் படிக்க வருகிறவர்களில் யாரும் அதை மட்டும் படித்ததில்லை. எல்லாருக்கும் அவர் உஷ் அக்கா. வேடிக்கை என்னவென்றால், அவர் உஷ் என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. பேசுகிறவர்கள் மேசைக்கு வந்து, மடக்கிய நடுவிரலின் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். பேசினவர்கள் அடங்குவார்கள். பேசாதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

எனக்கும் விழுந்திருக்கிறது அந்தத் தட்டு. நான் மொழிபெயர்த்து வயிறு வளர்ப்பவன். சரியான சொல் கிடைக்காதபோது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவது என் வியாதி. மேசை அதிர்ந்தது, நிமிர்ந்தேன். "மூடி தேஞ்சிடும் சார்" என்று காற்றோடு காற்றாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். கோபப்படக்கூட எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

இத்தனை வருடம் கிசுகிசுத்துக் கிசுகிசுத்து அவருடைய குரலே சுருங்கிப்போய்விட்டது. கடையில் எது வேண்டுமோ அதைக் கைகாட்டி வாங்குவார். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க இன்ஜின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர். "அவருக்குக் காது மந்தம், எனக்கு வாய் மந்தம். பொருத்தம் பாத்துதான் கட்டி வச்சிருக்காங்க" என்பார் அக்கா. செருப்பு வாங்கப் போனால் காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கடை நீளத்துக்கும் நடந்து, சத்தம் வருகிறதா என்று கேட்பார். கடைக்காரர் குழம்பிப்போய் கண்ணாடியைக் காட்டினால், "அழகெல்லாம் இருக்கட்டும், இது ஊருக்கெல்லாம் சொல்லிட்டே நடக்குது" என்று கழற்றிக் கொடுத்துவிடுவார்.

கோட்டுப் பையில் சின்னப் புட்டியில் எண்ணெய் வைத்திருப்பார். கீச்சிடும் கதவு எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. அவருடைய பெரிய சாதனை நாற்காலிக் கால்கள்தான். கணவரின் பணிமனையில் கழித்துப்போட்ட டயர் டியூபை வாங்கிவந்து, துண்டு துண்டாக வெட்டி, கூடத்து நாற்காலி ஒவ்வொன்றின் காலுக்கும் உறைபோல மாட்டிவிட்டார். ஒரு விடுமுறைக் காலம் முழுதும் அதற்கே போனது. யாரும் கேட்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. அதற்குப் பிறகும் அவர் நாற்காலியைத் தூக்கித்தான் வைத்தார்.

இப்படிப்பட்ட ஒரு மனுஷியின் தலையில்தான் நூலகத்தைப் புதுப்பிக்கும் திட்டம் வந்து இறங்கியது.

உள்சுவர்களை இடிக்க ஆள் வந்த அன்று நானும் என் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். சம்மட்டி விழ விழ அக்காவின் தோள் ஒவ்வொரு முறையும் துள்ளியது. பொறுத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் போனார். "கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்களேன்." மேஸ்திரி அவர் வாயருகே காதைக் கொண்டுபோய், இரண்டாம் தடவை சொல்ல வைத்துக் கேட்டார். "மெதுவா அடிச்சா சுவரு எப்படிம்மா விழும்? அது என்ன நாம சொன்னா எழுந்து போயிடுமா?" ஆட்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் இடிப்பு முடியும்வரை அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

கட்டி முடித்துத் திறந்தபோது எனக்கே வழி தெரியவில்லை. மேல்தளங்கள் அமைதியாகப் படிப்பதற்கு. கீழே பழைய கூடம் இருந்த இடம் முழுவதும் ஒரே வெளிச்சம். வண்ண வண்ண சோபாக்கள், சக்கரம் வைத்த மேசைகள், காபி மெஷின், ஓரமாக வரிசையாய் கண்ணாடி அறைகள். ஒவ்வோர் அறையிலும் வெள்ளைப் பலகையும் மார்க்கரும். மாணவர்கள் கூடிப் பேசி, விவாதித்து, எழுதி அழித்துப் படிக்கலாம். வாசலிலேயே பெரிய எழுத்தில் பலகை: இங்கே பேசலாம்.

அந்தப் பலகையை அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். "பஸ் ஸ்டாண்டுல கொண்டுவந்து புஸ்தகத்த அடுக்கின மாதிரி இருக்கு சார்" என்றார். நூலகர் அவரைப் போட்டதும் அங்கேதான். "பேசலாம்னு சொல்லிட்டா பசங்க மேசை மேல ஏறி நிப்பாங்க. உங்களப் பாத்தாதான் கொஞ்சம் பயம் இருக்கும்" என்பது நூலகரின் கணக்கு. கண்ணாடி அறைகளின் சாவியையும் மார்க்கர்களையும் கொடுத்து வாங்குவது வேலை. பழைய மர நாற்காலிகள் எல்லாம் விற்பனைக்குப் போனபோது ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டு வாங்கித் தன் கவுன்டருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். காலில் ரப்பர் உறையோடு.

மேல்தளத்துக்குப் போக மனம் வராமல் நானும் கீழேயே உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் அவருடைய வலது கை எந்நேரமும் கோட்டுப் பைக்குள்ளேயே கிடந்தது. "என்னக்கா, கையைக் கட்டிப் போட்டிருக்கீங்க?" என்று சீண்டினேன். "அவுத்து விட்டா கடிச்சிடும் சார்" என்றார்.

கடித்தும் விட்டது.

வேதியியல் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி. ஒல்லியாக, பெரிய தோள்பையோடு வருவாள். கவுன்டருக்குப் பக்கத்து அறையைத்தான் எப்போதும் எடுப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, பலகையைப் பார்த்துத் தனியாகப் பேசுவாள். கட்டடம் புதிது என்றாலும் அந்தக் கதவு மட்டும் சரியாகப் பொருந்தவில்லை. விரல் நுழையும் இடைவெளி எப்போதும் இருக்கும். தளம் முழுக்க ஒரே இரைச்சலாக இருந்ததால் அவள் என்ன பேசுகிறாள் என்று யாரும் கவனித்ததில்லை.

அன்று மதியம் கூட்டம் நிறைய. அக்கா குனிந்து மார்க்கர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அறைக்குள்ளிருந்து ஒரே ஒலி, விட்டு விட்டு, நிற்காமல் வந்தது. பேனா மூடி, ஆடும் கால், சொட்டும் குழாய், இப்படித் திரும்பத் திரும்ப வரும் ஒலிகளுக்கென்றே பழகின கை அது. அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கை தானாகப் பையிலிருந்து வெளியே வந்து கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டியது.

மரத்தைவிடக் கண்ணாடிக்குக் குரல் அதிகம். பழைய மாணவர்களுக்கு அந்தத் தட்டு ரத்தத்தில் ஊறியது, சட்டென்று அடங்கினார்கள். அவர்களைப் பார்த்துப் புதியவர்களும் அடங்கினார்கள். அத்தனை பெரிய தளத்தில் ஒரே ஒரு குரல் மட்டும் மிச்சம் இருந்தது. "ப... ப... ப... ப..." அந்தப் பெண்ணுக்குத் திக்குவாய். நடுவில் நிறுத்திக்கொள்ள அவளால் முடியவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். எல்லாரும் என்றால் நானும்தான். "ப... படிகத்தின்" என்று அந்தச் சொல் ஒருவழியாக வெளியே வந்து விழுந்தபோது அவளும் திரும்பினாள். ஒளிந்துகொள்ள அந்த அறையில் ஒரு சுவர்கூட இல்லை.

அவள் பலகையைச் சுத்தமாக அழித்தாள். மார்க்கரின் மூடியை மாட்டினாள். சாவியைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்து, "ந... ந..." என்று ஆரம்பித்து, முடியாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"அந்தப் பொண்ணு எனக்கு நன்றி சொல்ல வந்துச்சு சார்" என்றார் அக்கா மறுநாள். "நான் செஞ்ச காரியத்துக்கு, நன்றி." அவர் கண்கள் வீங்கியிருந்தன. நான் ஆறுதலாக என்னவோ சொன்னேன்; தெரிந்தா செய்தீர்கள், பழக்கதோஷம்தானே என்கிற மாதிரி. "தெரிஞ்சு செஞ்சிருந்தா திட்டியாவது இருப்பாங்க. இப்ப யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் சார் கூசுது" என்றார்.

அந்தக் கூச்சம் அவரைத் தின்றது. மாணவர்கள் சாவி கேட்டு வந்தால் முகத்தைப் பார்க்காமல் இடது கையால் எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். தன்னை மேல்தளத்துக்கே மாற்றிவிடும்படி நூலகரிடம் கேட்டார். "புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று நூலகர் மறுத்துவிட்டார். வீட்டில் கணவர், "போய் மன்னிப்பு கேட்டுடு, அவ்வளவுதானே" என்று சொன்னாராம். "எந்தக் குரல்ல போய் கேக்குறது சார்? எனக்கு ஏது குரல்?" என்று என்னிடம் கேட்டார்.

ஆனாலும் போனார். அந்த மாணவியின் ஆய்வகத்தில் புகை உறிஞ்சும் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் வெளியே வந்து நின்றாள். அக்கா தன் கிசுகிசுப்பில் மன்னிப்புக் கேட்டார். விசிறிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே, "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டாள். அதுவும் திக்காமல்.

அக்காவுக்கு அதுதான் ஆச்சரியம். இங்கே மட்டும் எப்படித் திக்கவில்லை என்று அவள் காதருகே போய்க் கேட்டேவிட்டார். அவளும் விசிறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாளாம். இரைச்சலாக இருந்தால் அவளுக்கு வாய் ஓரளவு ஓடும். எல்லாரும் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றினால் பூட்டிக்கொள்ளும். விடுதி அறையில் மயான அமைதி, வகுப்பறையிலும் அப்படியே. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் பேசிப் பழக அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தத் தளம்தான். அடுத்த வாரம் வைவா. கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரலாமா என்று தன் ஆய்வுக்குக் கைடாக இருக்கும் பேராசிரியரிடம் கேட்டிருக்கிறாள். "வாயால சொன்னாத்தான் வைவா" என்றுவிட்டார் அவர். இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டதாம்.

"அந்தப் பொண்ணுக்கு அங்க ஒரு இடம் இருந்துச்சு. அதுலயும் நான் போய் மண்ணைப் போட்டுட்டேன்" என்றார் அக்கா. "நீ வாம்மா, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என்னத்தைப் பாத்துக்கப் போறேன்னு எனக்கே தெரியல."

ஒரு நாள் கழித்து அவள் வந்தாள். தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வந்து சாவியை வாங்கினாள். தளம் நிறைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் சோபாக்களில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. யாரும் தட்டவில்லை. அன்றைக்கு நடந்ததை எல்லாரும் அறிந்திருந்தார்கள். பாவம், அவள் நிம்மதியாகப் பயிற்சி எடுக்கட்டும் என்ற நல்லெண்ணம். ஒரு பையன் காபி மெஷினின் பொத்தானைக்கூட அழுத்தாமல் கோப்பையோடு நின்றான். எங்கள் மரியாதை அவளுடைய கழுத்தை நெரித்தது. அறைக்குள் முதுகைக் காட்டி நின்றாள். "ப..." என்றாள். கதவிடுக்கு வழியாக அது தெளிவாகக் கேட்டது. மறுபடி "ப..." பிறகு அதுவும் இல்லை. மார்க்கர் பிடித்த கை தாழ்ந்தது.

அக்கா எழுந்து நின்றார். தளத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். பேசுங்கள் என்று சொல்லத்தான் திறந்திருப்பார், காற்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. முகம் சிவந்து, ஒரு கணம் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு தன் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார். குனிந்து, ஒரு காலின் ரப்பர் உறையில் நகத்தைக் கொடுத்து உரித்தார். வருடக்கணக்கில் இறுகிப்போனது, லேசில் வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். ஒவ்வொரு காலாக உரித்து, நான்கையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியை நிமிர்த்தி, முதுகுப் பலகையை இரு கையாலும் பற்றி, தளத்தின் நடுவழியே இழுத்துக்கொண்டு நடந்தார்.

வெறும் மரக்கால் புதுத் தரையில் போட்ட சத்தம் பல்லைக் கூசவைத்தது. காதைப் பொத்தினார்கள். யாரோ சிரித்தார்கள். "என்னக்கா ஆச்சு?" என்று ஒருத்தி கேட்டாள், அவளுக்கு இன்னொருத்தி ஏதோ பதில் சொன்னாள், காபி மெஷின் உறுமத் தொடங்கியது. விட்ட இடத்திலிருந்து யாரோ ஒரு கணக்கைப் பற்றிச் சண்டையை ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மார்க்கர் பிடித்த கை மேலே எழுந்து பலகையில் எழுதிக்கொண்டிருந்தது. என்ன பேசுகிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அக்கா அந்தப் பக்கச் சுவர்வரை போய்விட்டார். முகத்தில் வெட்கம் அப்படியே இருந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியைத் திருப்பினார். தூக்கவில்லை. மறுபடியும் இழுத்துக்கொண்டு வந்தார்.