புவனா தீட்டிய மயில்

தலைச்சோலை அங்கன்வாடி டீச்சர் சசிகலாவுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பருப்பில் கல் கிடந்தால் வரும், பஸ் தாமதமானால் வரும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை வந்த கோபம் வேறு ரகம். கீர்த்திகா வீட்டில் கலர் அடித்துக் கொண்டுவந்து நீட்டிய தாளில் ஒரு மயில் நின்றது. கழுத்துக்கு நீலம், தோகைக்குப் பச்சை, தோகையின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் மஞ்சள் பொட்டு. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாத பிள்ளை, சோற்றை அள்ளினால் பாதியை மடியில் கொட்டிக்கொள்ளும் பிள்ளை, தீட்டிய மயிலாம் இது!

"யாரு கண்ணு இதுக்குக் கலர் அடிச்சது?"

"அம்மாவும் நானும்."

"நீ என்ன பண்ணுன?"

"நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் கீர்த்திகா, பெருமையாக.

சசிகலா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அடிவாரத்துக் குப்பனூர்க்காரி. ஜீப் ஓட்டும் வெங்கடேஷுக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறி வந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் மற்றவர்களைப் போலத்தான் நினைத்திருந்தாள், சோறு வேகும்வரை பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கத்தான் இந்தக் கலர் வேலையெல்லாம் என்று. பிறகு கண்ணால் பார்த்தாள். விரலில் வலு ஏறாமல் ஒன்றாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளின் கையில் பென்சில் நிற்கவில்லை. எழுத்து கோணியது, மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதி முடிக்கையில் இவர்கள் முதல் வரியிலேயே நின்றார்கள். யாரோ ஒருவர் மக்கு என்று சொல்ல, அந்தப் பிள்ளைகளும் அதை நம்பிவிட்டார்கள். வருகிற ஜூனில் கீர்த்திகாவும் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். சசிகலாவுக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

அதற்காக அவள் செய்யாத வித்தை இல்லை. பிள்ளைகளைக் காகிதம் கிழிக்க வைத்தாள், ராகி மாவு பிசைய வைத்தாள். புது கிரயான் டப்பா வந்ததும் எல்லாவற்றையும் பட் பட்டென்று விரல் நுனி அளவுக்கு ஒடித்துப் போட்டாள். நீளமாக இருந்தால் பிள்ளை கரண்டி பிடிப்பது மாதிரி முழுக் கையால் பிடித்துவிடும். துண்டாக இருந்தால் கட்டை விரலும் பக்கத்து விரல்களும் சேர்ந்தே ஆகவேண்டும். இதை விளக்கிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். புத்தம் புதுசை ஒடிக்கிற டீச்சரை எங்கேயும் பார்த்ததில்லை என்று கீர்த்திகாவின் அப்பா சக்திவேல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இன்னொரு வீட்டில் துண்டுகளை டேப் சுற்றி ஒட்டியே அனுப்பிவிட்டார்கள். சசிகலா அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

மயிலை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே எஸ்டேட்டுக்குப் போனாள். காப்பிப் பழம் எடை போடும் நேரம். கீர்த்திகாவின் அம்மா புவனா மூட்டையோடு வரிசையில் நின்றாள். பிள்ளையின் வேலையை நீ ஏன் செய்கிறாய் என்று சசிகலா நாலு பேர் பார்க்கக் கேட்டாள். புவனாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"ஏனுங்க டீச்சர், இந்த மூட்டைல எங்க மாமியா பறிச்சதும் இருக்குதுங்க, எங்கூட்டுக்காரரு பறிச்சதும் இருக்குதுங்க. எல்லாம் என் பேர்லதான் எடை போடறாங்க. ஊட்ல ஒருத்தருக்கு முடியலைன்னா இன்னொருத்தரு செய்யறதுதானுங்களே. புள்ளைக்கு முடியல, நாஞ் செஞ்சேன்."

எடை எழுதிக்கொண்டிருந்த ரைட்டர்கூட ஆமாம் என்று தலையாட்டினார். சசிகலாவுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"மூட்டைல யாரு கை பட்டாலும் ஒண்ணுதான் புவனா. இது மூட்டை இல்ல, அவ விரலு. அவ விரலுக்கு நீ வேலை செய்ய முடியுமா?"

சரிங்க, சரிங்க என்று புவனா நல்லபிள்ளையாகத் தலையாட்டினாள். அடுத்த வாரம் ஒரு கிளி வந்தது. மயிலைவிட அழகான கிளி.

சசிகலாவின் பொறுமை அதோடு தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் அங்கன்வாடியைத் திறந்து அம்மாக்களை எல்லாம் கூப்பிட்டாள். ஏற்காடு சந்தைக்குப் போகமுடியாத கடுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழப் படமும் கிரயான் துண்டுகளும் கொடுத்தாள். அம்மாக்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், தாளைத் தொடக்கூடாது. அதற்கே அவள் நாலைந்து கைகளைத் தட்டிவிட வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய மனுஷிகளுக்கு ஒரு ஐந்து நிமிஷம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லையே என்று முணுமுணுத்தபடி நடந்தாள்.

கீர்த்திகா ஒரு துண்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை.

"நீ போடு சாமி" என்றாள் புவனா.

"எனக்கு வராதும்மா. நான் மக்கு. நீதான போடுவ."

கத்துவதற்கு வாயைத் திறந்த சசிகலா அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றாம் வகுப்பில் யாரோ சொல்லப்போகிறார்கள் என்று அவள் பயந்திருந்ததைப் பிள்ளை வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டு வந்திருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துக்கொண்டு இருந்தே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

புவனாவின் முகம் செத்துப்போனது. அப்போதும் பழக்கதோஷத்தில் அவள் கை தாளை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. துண்டைத் தரையில் வைத்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் திணித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

கீர்த்திகா காத்திருந்தாள். அம்மா ஆரம்பிக்கவே இல்லை. முந்தானையைப் பார்த்தாள், அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

"கை வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். புவனா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"சரி, இரு. நான் போட்டுத் தர்றேன்."

துண்டைப் பொறுக்கி எடுத்தாள். மூன்று விரல்களால் அழுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். ஆரஞ்சுப் பழத்துக்குக் கரும்பச்சை. ஆரஞ்சுக் கலர் துண்டை நீட்டப்போன ஒரு அம்மாவின் கையைச் சசிகலா தட்டிவிட்டாள்.